வெள்ளிக்கிழமை மீன்

"ஒரு கொம்பெஸாவோட உயிருக்கு வெறும் இருபத்தஞ்சாயிரம் பிராங்க்தானா, டாக்டரம்மா? விலைமதிக்க முடியாத மீன்னு நீங்கதானே ஊர் ஊரா வந்து சொன்னீங்க?"

சிந்தினியிலிருந்து வந்திருந்த மீனவர் தாருவேஷ், செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பேரம் பேச வந்தவர் உட்காரும் தோரணை அது.

"சந்தையில இதை எவன் வாங்குவான் அண்ணே? தின்னா வயித்தால போகும்" என்றாள், கொம்பெஸாவைக் காக்கும் மீன் ஆபீசின் ஆராய்ச்சியாளர் நஜாத்தி.

"அந்தக் காலத்துல செதிலையாவது பஞ்சர் கடைக்காரன் வாங்குவான், ட்யூப் தேய்க்க. நான் என்னடான்னா முழு மீனையும் கல்லைக் கட்டி ஆழத்துக்கே அனுப்பிட்டு வந்து நிக்கிறேன்."

"அதுக்குத்தானே சன்மானம்!"

தூண்டிலில் தவறிச் சிக்கும் கொம்பெஸா, மேல்தண்ணீரின் சூட்டிலேயே செத்துப்போகும். அதற்குள் கல்லைக் கட்டிக் குளிர்ந்த ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். இறக்குமுன் விலாப் பக்கத்தைப் படம் எடுத்து மீன் ஆபீசில் காட்டினால் பணம்.

நஜாத்தி படத்தைப் பெரிதாக்கினாள்.

வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளி. அடியில் பிறை மாதிரி ஒன்று. நமக்குக் கைரேகை எப்படியோ, கொம்பெஸாவுக்குப் புள்ளி அப்படி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஆனால் முந்தைய வாரங்களில் ஹஹாயா ஊர்க்காரர் கொண்டுவந்த படத்தில் இதே புள்ளிதான். இத்சாந்திராக்காரர் படத்திலும், இக்கோனிக்காரர் படத்திலும் இதேதான். இப்போது தீவின் தெற்கு முனையான சிந்தினியிலிருந்தும் அதே மீன்!

"எப்ப சிக்குச்சு?"

"நேத்து. ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட."

"மத்த மூணு பேரும் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னாங்க. அதெப்படி அண்ணே?"

"பக்தியுள்ள மீனா இருக்கும். வாரம் ஒரு பள்ளிவாசல்னு போகுதோ என்னமோ."

"பகல்ல எரிமலைப் பாறைக் குகைக்குள்ள தூங்குற மீன் அது. ராத்திரிதான் இரைக்கு வெளிய வரும், விடிஞ்சா திரும்பிடும். மத்தியானத்துல உங்க தூண்டிலுக்கு எப்படி வந்துச்சு?"

"அதை நீங்க மீன்கிட்ட கேக்கணும். நான் படிக்காதவன்."

"உயிரோட இருந்தா நீலமா இருக்கணும். இது ஏன் பழுப்பா இருக்கு?"

"பயம்மா, பயம்! தொண்டையில தூண்டில் மாட்டி இழுத்தா நீங்க மட்டும் செவப்பாவா இருப்பீங்க?"

"சரி, எல்லாரும் ஏன் இடப்பக்கத்தையே எடுக்கறீங்க?"

"வலப்பக்கம் படகோட ஒட்டிக் கிடக்குதே. புரட்டினா வாலால ஒண்ணு வைக்கும். உங்க சன்மானம் என் பல்லுக்கே பத்தாது."

தேநீரோடு உள்ளே வந்தார் கொம்போ. ஆபீஸ் காவலாளி, நஜாத்தியின் தாய்மாமன். "கொடுத்து அனுப்பும்மா. அல்லா கொடுத்த மீனைத் திருப்பிக் கடல்லயே விட்டிருக்கான், நல்ல மனுஷன்" என்று சிபாரிசும் செய்தார்.

அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். தாருவேஷ் கும்பிடாத குறையாக எழுந்து போக, மாமா அவரை வழியனுப்பப் பின்னாலேயே போனார்.

நஜாத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்று மதியத்துக்குள் புதிதாக ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால், பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஆபீசை இழுத்து மூடிவிடுவார்கள். அவள் கையில் இருந்தது இந்தக் குழப்பம் ஒன்றுதான்.

நூறு வருடம் வாழும் மீன். முட்டையிடாமல் குட்டி போடும் மீன். தண்ணீரில் தலைகீழாக நின்று வேடிக்கை காட்டும் மீன். அது தன் குகைப் பக்கத்தை விட்டு அதிகம் நகராது என்றுதான் அவள் படித்திருந்தாள். படித்தது தப்பா, பார்த்தது தப்பா? நான்கு ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாதவர்கள், சேர்ந்து பொய் சொல்ல முடியுமா?

மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தாள். கடைசியில், 'கொம்பெஸா பகலில் தீவைச் சுற்றி வருகிறது. நான்கு ஊர்களில் ஆதாரம் உள்ளது' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'அபாரம்! ஆபீஸ் தொடரட்டும். அடுத்த மாதம் நேரில் வருகிறோம்.'

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில், பாடம் செய்த பழைய கொம்பெஸா ஒன்று ஆபீஸ் திறந்த நாள்முதல் இருக்கிறது. தூசிக்காக என்று இன்று காலை மாமா அதன்மேல் துணி போர்த்தியிருந்தார்.

"உன் சொந்தக்காரன் ஒருத்தன் ஊரெல்லாம் சுத்தறான், தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே துணியை இழுத்தாள்.

எப்போதும் சன்னலைப் பார்த்து நிற்கும் மீன், இன்று வாசலைப் பார்த்து நின்றது. இத்தனை வருடமும் சுவரோடு ஒட்டியிருந்த அதன் இடப்பக்கம், இப்போது அவள் முகத்துக்கு நேரே. வரிசையாக மூன்று வெள்ளைப் புள்ளி. அடியில் ஒரு பிறை.

சன்னலுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது.

"மத்த மூணு பேரும் வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவுல மீனைத் தூக்கிட்டுப் போய், எடுத்த மாதிரியே கொண்டுவந்து வெச்சாங்க. நீதான் தலைப்பக்கத்தை மாத்தி வெச்சுட்டே. காலையில நான் துணி போட்டு மூடலேன்னா மானம் போயிருக்கும். வாடகை பாதிப் பங்கு, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. மாத்தி வெச்சதுக்கு அபராதம் ஐயாயிரம். ஆக மொத்தம் பதினேழாயிரத்து ஐந்நூறு. எடு!"