சம்மதச் சிவப்பு

பெண் பார்க்கும் நாளில் இப்போதெல்லாம் பெண்கள் அந்த லிப்ஸ்டிக்கைத்தான் பூச வேண்டும்; பொய் சொன்னால் உதடு நீலமாகிவிடும். அதைத் தயாரிப்பது தையல்நாயகியின் தொழில். தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் உருக்கிக் கிளறிக்கொண்டிருந்தவளிடம் தம்பி மகள் மகிழினி வந்து நின்றாள்.

"எனக்குச் செய்யறதுல மட்டும் பொய் காட்டுற சாயத்தை விட்டுடுங்க அத்தை. இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட மூணு தடவை சொல்லிப் பாத்துட்டேன். சம்மதம்னு சொல்லித் தொலைக்கிறேன்."

"சரிடி," என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி அச்சில் ஊற்றினாள்.

மறுநாள் சபையில் கேட்டார்கள்.

"சம்மதம்," என்றாள் மகிழினி. உதடு இரண்டும் நீலமாயின. அவள் அப்பா கையிலிருந்த தாம்பூலத் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

உள்ளே வந்ததும் மகிழினி அத்தையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடறேன்னு சொன்னீங்களே அத்தை!"

"நீ சொன்னா என் தம்பி கேக்க மாட்டான்டி. உன் உதடு சொன்னா கேப்பான்."