இணைப்பே வேண்டாம்!

“கட்டணம் ஏறினா முதல்ல நடுத்தெருவுல நிக்கப்போறது நான்தான்!” என்று மேங் கிச்சோல் மைக்கைப் பிடுங்கிக் கத்தியபோது, அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

சுங்ஜு நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. மிரினே டெலிபோன் கம்பெனி, தோரு கேபிள் கம்பெனியை வாங்கப்போகிறது. குடியிருப்புக்குள் இன்டர்நெட்டுக்குக் கம்பி இழுத்திருப்பதே இந்த இரண்டு கம்பெனிகள்தான். ‘யாரும் பயப்பட வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போக, மிரினேயிலிருந்து பியோ ஜியான் என்ற இளம் பெண் அதிகாரி பெட்டி நிறைய அரிசிக் கேக்கோடு வந்திருந்தார்.

“ரெண்டும் ஒண்ணானா உங்களுக்கும் வசதிதானே? ஒரே பில், ஒரே ஆபீஸ்...”

“ஒரே அடி!” என்றார் மேங். அறை சிரித்தது.

“உள்ளூர்ச் செய்தி சேனலை மூடிருவீங்களாமே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜியான் தண்ணீர் குடித்தார்.

மேங் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனிக்கட்டை. அவர் மாடியில் யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும் அவர்தான் ஓடுவார். இடது பக்கத்து வீட்டு சுன்ஓக்குக்கு தோரு ஆட்கள் இணைப்புக் கொடுக்க வந்தபோதும், வலது பக்கத்து வீட்டு யோங்கிலுக்கு மிரினே ஆட்கள் வந்தபோதும், கதவைத் திறந்துவிட்டுக் கூடவே நின்று வேலையை முடிக்க வைத்தவர் அவர். இன்றைக்கும் அந்த இருவரையும் இழுத்து வந்து தன் இரண்டு பக்கமும் உட்கார வைத்திருந்தார்.

“தோரு மாதிரி வராது. இவங்க கைக்குப் போனா அதுவும் நாசமாப் போயிடும்,” என்றாள் சுன்ஓக். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். மைக் தேவைப்படவில்லை.

“போங்கக்கா! மழை பேஞ்சா உங்க தோருவுல படம் கட்டம் கட்டமா உடையும். எங்க மிரினே ராக்கெட்டு!” என்றான் டாக்ஸி ஓட்டும் யோங்கில்.

“ராக்கெட்டா? பொழுது சாஞ்சா பஞ்சராகுது உன் ராக்கெட்டு,” என்று நடுவில் புகுந்தார் மேங். “ரெண்டும் எனக்கு அத்துப்படி. சமையல் ரூம்ல தோரு நல்லா எடுக்கும், படுக்கிற ரூம்ல மிரினே. பேஸ்பால் மேட்ச் கடைசிக் கட்டத்துல ஒண்ணு கழுத்தறுத்தா, லேப்டாப்பைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்கு ஓடிடுவேன். ரெண்டும் ஒண்ணாயிட்டா நான் எங்கேம்மா ஓடுறது?”

ஜியான் நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு கம்பெனியுமா வச்சிருக்கீங்க ஐயா?”

“போட்டி இருந்தாத்தானே நமக்கு மரியாதை!”

‘கட்டணம் ஏறுமா, ஏறாதா’ என்று எல்லோரும் பிடித்து உலுக்கியதில், “கொஞ்சம்... ஏறலாம்” என்று ஜியான் வாயை விட்டுவிட்டார்.

“ஏறினா நெட்டையே புடுங்கிப் போட்டுருவேன். எனக்கு செல்போன் போதும்,” என்று சுன்ஓக் கையை உதறினாள்.

“நானும்தான். நாள் பூரா டாக்ஸியில கிடக்கிறவனுக்கு வீட்ல எதுக்கு நெட்டு?” என்றான் யோங்கில்.

மேங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. “அவசரப்படாதீங்கப்பா! அபசகுனமா பேசாதீங்க!” என்று பதறியவர், விறுவிறுவென்று மேடைக்கே ஏறிவிட்டார்.

“இதெல்லாம் இவங்க ரத்தத்தைச் சிந்திக் கட்டுற காசும்மா! சுன்ஓக் விடியுமுன்னே எழுந்து முள்ளங்கி நறுக்குறா. இந்தப் பய தூக்கம் கெட்டு வண்டி ஓட்டுறான். இவங்க கட்டினாத்தானே...” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இவங்க கட்டினாத்தானே எல்லாரும் நல்லாயிருக்க முடியும்!”

சுன்ஓக் மூக்கைச் சிந்தினாள். தனக்காக ஒரு மனுஷன் இப்படி உருகி அவள் பார்த்ததில்லை.

“மூணு வருஷத்துக்குக் கட்டணம் ஏத்த மாட்டோம்னு எழுதிக் குடு. இல்லேன்னா உன் கேக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போ!” என்று மேங் மேஜையைத் தட்டினார். கேக் முழுவதும் எப்போதோ வயிறுகளுக்குள் போயிருந்தது. இருந்தாலும் எல்லோரும், “ஆமா, எடுத்துட்டுப் போ!” என்றார்கள்.

ஜியான் தாழ்வாரத்துக்குப் போய்த் தலைமை அலுவலகத்தோடு நெடுநேரம் மன்றாடிவிட்டு, காது சிவக்கத் திரும்பி வந்தார். “இந்தக் குடியிருப்புக்கு மட்டும் மூணு வருஷம் ஏத்த மாட்டோம். எழுத்துல குடுக்கிறோம்.”

அறை அதிர்ந்தது. யோங்கில், மேங்கை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “அண்ணே, இந்த மாசம் பூரா உங்களுக்குத் தொடுகறி நம்ம கடையிலதான், காசெல்லாம் வேணாம்!” என்று அறிவித்தாள் சுன்ஓக்.

“இன்னொரு சந்தோஷச் செய்தி,” என்றார் ஜியான். “இத்தனை வருஷமா ரெண்டு கம்பெனிக்கும் பணம் கட்டுற ஒரு வாடிக்கையாளரா அப்படின்னு எங்க டைரக்டர் உருகிப்போயிட்டார். உங்களுக்கு ஒரு வருஷம் எல்லாமே இலவசம் ஐயா! உங்க வாடிக்கையாளர் நம்பரை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கைதட்டல் அடங்கியது. எல்லோரும் மேங்கையே பார்த்தார்கள். அவர் சுன்ஓக்கைப் பார்த்தார், யோங்கிலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“நம்பர் தெரியாதும்மா... ரெண்டு வீட்டுப் பாஸ்வேர்டும்தான் தெரியும்.”