சிமெண்டு வாசல்

கப்பல் பழுதுபார்க்கும் டோக்யார்டில் காலை ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து இறங்கிய சுந்தரம், இது தன் வீடுதானா என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுவிட்டான்.

வாசலில் நின்ற மாமரத்தைக் காணோம். கத்திரி, வெண்டை, மல்லிகைப் பந்தல் எல்லாம் வேலியோரம் குவிந்து கிடந்தன. பாதி வாசலுக்குச் சிமெண்டு போட்டாகிவிட்டது. மீதிக்குக் கொத்தனார் ரவூப் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

அவன் மனைவி சந்திரமதி படிக்கட்டில் உட்கார்ந்தபடி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சாய்வாப் போடுங்கண்ணே. மழை பெஞ்சா அதுவே கழுவிட்டுப் போயிடணும்."

"போடலாம் லா" என்று அந்த ஊர் வழக்கில் இழுத்தார் ரவூப்.

"என்னடி இது?" என்றான் சுந்தரம்.

"வாசலுக்குச் சிமெண்டு போடுறோம்."

"அது தெரியுது. மரம் எங்க?"

"இலை கொட்டுதுங்க. தெனம் யாரு கூட்டுறது?"

"செடியெல்லாம்?"

"ரோட்டுக் குழாயிலேர்ந்து டின் டின்னாத் தண்ணி தூக்கி ஊத்தணும். இனிமே வேண்டாம். பின்னால தென்னையும் கறிவேப்பிலையும் விட்டிருக்கேன். அதுங்க மழைத் தண்ணியிலேயே பொழைச்சுக்கும்."

"கோழி?"

"பக்கத்து வீட்டுக் கதீஜாக்காகிட்ட குடுத்துட்டேன்."

"இதுக்கெல்லாம் ஏது காசு?"

"சீட்டு எடுத்தேன்."

சுந்தரத்துக்குச் சுருக்கென்றது. அது அவர்களுடைய ஒரே மகள் தங்கத்துக்குச் சங்கிலி வாங்குவதற்காகக் கட்டிவந்த சீட்டு.

"பிள்ளை கழுத்துக்குப் போட வேண்டியதை மண்ணுல கொட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா? உடம்பு வளைய மாட்டேங்குது உனக்கு. சோம்பேறி!"

குடிகாரனும் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை சுந்தரம். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு காப்பிக்கடைப் பக்கம் போய்விட்டான்.

வெறும் வாயை மெல்லுகிற எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமிக்கு அன்று அவல் கிடைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"காய்க்கிற மரத்தை வெட்டுவாளா ஒரு பொம்பளை? அந்த வீட்ல ஒரு உசுரு போகும், பாத்துக்கிட்டே இருங்க. வரவர அவ படிக்கட்டை விட்டு எந்திரிக்கிறதே இல்ல. புருஷன் கப்பல்ல இரும்பு தட்டிச் சம்பாதிக்கிறான், இவளுக்கு மகாராணி மாதிரி சிமெண்டுத் தரை கேக்குது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரவூப் வேலையை முடித்துக் கை கழுவப் போன இடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து, சங்கடத்தோடு சந்திரமதியிடம் சொன்னார்.

"பாக்கியக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள் சந்திரமதி.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கம்தான் அவளை அழவைத்துவிட்டாள். மரம் இருந்த இடத்தைப் பார்த்து ஓவென்று கத்தினாள். "உன்கூட நான் பேசவே மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கஞ்சிப் பாத்திரத்தோடு கதீஜா வந்தாள். அவளுக்கும் கோபம்தான்.

"என்ன புள்ள இது? கோழியக் குடுத்தே, சரின்னு வாங்கிக்கிட்டேன். மரம் உன்னை என்ன பண்ணுச்சு? முடியலன்னா நான் வந்து கூட்ட மாட்டேனா? செடிக்கு ரெண்டு டின் தண்ணி ஊத்த மாட்டேனா?"

"எத்தனை நாளைக்கு ஊத்துவீங்க, அக்கா?"

கதீஜா பாத்திரத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்திரமதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். வயிற்றில் கட்டி முற்றிவிட்டது, தீபாவளி வரை தாங்கினாலே அதிகம் என்று டாக்டர் சொன்னது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"சிமெண்டு காயட்டும், சொல்றேன். முன்னாடியே சொல்லியிருந்தா அழுதுகிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு செடியத் தொட விட்டிருக்க மாட்டாரு."

"அவரு திட்டுறாரு, ஊரு பேசுது, பெத்த பிள்ளையே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எதுக்கு புள்ள உனக்கு இந்த வேலை?"

உள்ளே தங்கம் கோபத்தை எல்லாம் இங்கிலீஷ் பாடத்தின் மேல் காட்டி, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் சந்திரமதி.

"அவரு நல்லவருதான்க்கா. ஆனா ஒத்தையா இருக்கத் தெரியாது. சோறு வடிக்கக்கூடத் தெரியாது. வருஷம் திரும்புறதுக்குள்ள இன்னொருத்தி வந்துடுவா. வரட்டும். எனக்கு வருத்தம் இல்ல."

"இல்லையாக்கும்!" கதீஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்குத்தான். இருந்து என்ன பண்ண?"

சந்திரமதி கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை.

"நான் பொறந்து வளந்த பொங்கோல்ல, எங்கம்மா செத்த பிறகு சித்தி வந்தா. கொடுமைக்காரின்னு சொல்ல மாட்டேன். வீட்டைச் சுத்தித் தோட்டம், ஆடு, கோழி. அவ ஒருத்தியால முடியல. 'ஒரு வாரம் மட்டும் பள்ளிக்கூடம் போகாம தண்ணி தூக்கு கண்ணு'ன்னா. அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் முடியலக்கா."

கதீஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரம் காயாத வாசலைப் பார்த்தபடியே சந்திரமதி சொன்னாள்:

"வரப்போறவளும் நல்லவளாத்தான் இருப்பா. ஆனா, தங்கத்தைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்துற அளவுக்கு இந்த வீட்ல வேலை இருக்கக்கூடாது."