கீழ்க்குரல்
ஜன்னலில் மழை வழிகிறது. ஜார்ஜியத் தொலைக்காட்சியில் கூட்டுப்பாட்டுக் கச்சேரி ஓடுகிறது. கறுப்பு அங்கி அணிந்த ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். கீழ்க்குரல் பாடிவந்த பாத்ரியின் இடத்தில் ஒரு புதியவன். புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்ட பாத்ரி, முகத்தில் திரையின் நீல வெளிச்சம் படிய, வீட்டு மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு வாயைத் திறக்கிறான். கழுத்துத் துளையிலிருந்து வெறும் காற்று சீறுகிறது. மறுபடி முயல்கிறான். மறுபடியும் சீறல்தான். "போதும் பாத்ரி, அணைச்சிடவா?" என்கிறாள் மனைவி எத்தெரி. அவன் கண்ணில் நீரோடு தலையை வேகமாக ஆட்டி மறுக்கிறான். அவள் சத்தத்தைக் கூட்டுகிறாள். "காது கிழியுது எத்தெரி, குறைடி!" என்று பக்கத்து வீட்டு லமாரா சுவரைத் தட்டுகிறாள். "இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கடி!" என்று கத்திவிட்டு எத்தெரி இன்னும் கூட்டுகிறாள். சீறல் இப்போது அவனுக்கே கேட்காது. அவன் பாடுகிறான்.