கொடுத்தவள்

கணவனுக்கு அவள் நீட்டிய தண்ணீர் டம்ளரை மாமியார் குறுக்கே வந்து பிடுங்கினாள்.

வாஷ்பேசினில் கொட்டினாள். டம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை. இமை துடித்தது.

மூன்று மாதத்துக்கு முன்புதான் அவள் தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தாள். கொழுந்தனுடையதும் பொருந்தியது. கல்யாணமாகாத பையன் என்று அவனை விட்டுவிட்டார்கள்.

பிறகு கணவனுக்கு வயிற்றுவலி வந்தது. இருமல் வந்தது. மூச்சு வாங்கியது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சளியைச் சோதித்தால், அதில் புழு.

டாக்டர் இன்று காலை மறைக்காமல் சொல்லிவிட்டார். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்களின் தோல் வழியாக உள்ளே போகும் புழு. குடலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். அவள் உடம்பு அதை அடக்கி வைத்திருந்தது. ரத்தத்தில் திரியும் அதன் குஞ்சு சிறுநீரகத்தோடு அவனுக்குப் போய்விட்டது. புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடக் கூடாதென்று அவனுடைய எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்திருந்தார்கள். தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகிவிட்டது.

மாத்திரையில் தேறிவிடுவான். அவளும் போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே இவங்க ரத்தத்துல டெஸ்ட் பண்ணியிருக்கணும். நாங்க பண்ணல" என்றும் அவளைக் காட்டிச் சொன்னார்.

மாமியார் காதில் அது மட்டும் விழவில்லை.

"உன்ற ஊருச் சேத்துப் புழுவையெல்லாம் என்ற பையனுக்கு ஏத்தி உட்டுட்டியேடி!"

அவள் திருவாரூர்ப் பக்கம். பாவாடையைச் செருகிக்கொண்டு நாற்று நட்டு வளர்ந்தவள். அறுப்பு முடிந்ததும் அவள் அப்பா கோயமுத்தூருக்கு ஏற்றி அனுப்பும் அரிசி மூட்டையை மாமியார் வீட்டில் யாரும் சேறு என்று சொன்னதில்லை.

அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் இமையை இன்னும் இறுக்கினான்.

விலாத் தழும்புக்கடியில் சுரீரென்றது. அங்கிருந்தே ஏறி வந்ததுபோல் வந்தது குரல்.

"அந்தக் கிட்னியும் எங்க ஊருதான், அத்தை."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தான். நிறைந்திருந்தது.

எப்போதும் அவள்தான் அதைக் காலி செய்வாள்.

அவனுடைய மாத்திரை மட்டும் மேஜைமேல் இருந்தது. அவளுடையதை யாரும் வாங்கி வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இருந்த மருந்துக்கடைக்கு இறங்கினாள்.