இடது கார்னர்

ரிப்பன் தொய்ந்து கிடந்தது. அவர் மறுபடி இழுத்துக் கட்டினார்.

கபடி அணியின் முதலாளி இதற்கெல்லாம் குனிய வேண்டியதில்லை. ஆனால் இந்த அறை பலவேசத்தின் பெயரில் திறக்கிறது. வேறு கைக்கு விட மனம் வரவில்லை.

ஆட்டக்காரர்களுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை. இலவசம். பெயர்ப்பலகை அப்படித்தான் சொன்னது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பலவேசத்தின் படம், மாலையோடு. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான். சின்ன வயதில் கரும்புச்சாறு மிஷின் தின்றது. என்றாலும் அணியின் இடது கார்னரில் அவன் நின்றால், அந்தக் கையில் சிக்கிய கால் கோட்டுக்குத் திரும்பியதே இல்லை.

அவனைப் பிடித்து நிறுத்த மட்டும் யாருக்கும் கை நீளவில்லை. போன மாசியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

காலையில் செல்வின் வந்து நின்றான். இறுதி ஆட்டத்தில் கடைசியாகப் பாடிப் போய், பிடிபட்டு, கோப்பையைப் பறிகொடுத்தவன். ஊர் இன்னும் அவனை வறுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ரூம் தொறந்தாச்சா?"

"சீஃப் கெஸ்ட் வந்து ரிப்பன வெட்டணும்லா. அதுவரைக்கும் பொறுடே."

செல்வின் தலையாட்டினான். பிறகு அவனைக் காணவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. சிறப்பு விருந்தினர் எந்த ஊரில் நேரத்துக்கு வந்திருக்கிறார்? கேசரி ஆறிப் பாளம் பாளமாக இறுகியது. மேளக்காரர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே ஏதோ விழுந்தது.

பூட்டிய அறை. அவர் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். படத்தின் மாலை தரையில் கிடந்தது. ஃபேன்கூட ஓடவில்லை.

சட்டென்று கதவை விட்டுத் திரும்பினார்.

"செல்வின் எங்கல?"

யாருக்கும் தெரியவில்லை.

அப்போது மாடிப்படியில் காலை இழுத்து இழுத்து யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. செல்வின்தான். வெறுங்கால். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேல யார அனுப்புனீய, அண்ணாச்சி?"

"யாரையும் அனுப்பலியே."

"மாடி விளிம்புல நின்னேன். பின்னாலருந்து காலப் பிடிச்சாங்க. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல." அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "இன்னும் விடல, அண்ணாச்சி."

கணுக்கால் கன்றிச் சிவந்திருந்தது. விரல் தடங்கள்.

கடைசித் தடம் பாதிதான்.

வாசலில் கார் வந்து நின்றது. மேளம் பதறி எழுந்தது. யாரோ தட்டில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்கள்.

அவர் ரிப்பனைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். சாவி காலையிலிருந்தே அவர் மடியில்தான் இருந்தது. அதை நினைக்கையில் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

செல்வினை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தார். பட்டுக்கரை வேட்டியோடு அவன் காலடியில் தரையில் அமர்ந்தார். படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தத் தடங்களின் மேலேயே தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்தார்.

"நான் பிடிச்சிட்டேன்டே" என்றார், செல்வினிடம் அல்ல.

பிறகு செல்வின் பெருமூச்சு விட்டான்.

"விட்டுட்டாங்க, அண்ணாச்சி."

வெளியே அவரைத் தேடி யாரோ கூப்பிட்டார்கள்.

அவர் விடவில்லை.