பன்னிரண்டாவது நிமிடத்துக்கு அப்புறம்

பாடத்தை வீட்டிலேயே வீடியோவில் பார்த்துவிட்டு, வகுப்பில் சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமாம். ஓய்வுபெற்ற வாத்தியாரான நான் இந்தப் புது முறையை வேடிக்கை பார்க்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்கிறார் வேதியியல் டீச்சர், பதிலை எதிர்பார்க்காத குரலில். முன்வரிசைப் பெண் எழுந்திருக்கிறாள். "பன்னிரண்டாவது நிமிஷத்துக்கு அப்புறம், மிஸ்." "பாடமே பன்னிரண்டு நிமிஷம்தானேம்மா!" என்றபடி டீச்சர் வீடியோவை அங்கே நகர்த்துகிறார். திரையில் சுவர் உயரத்துக்கு அதே டீச்சர். பாடத்தை முடித்துவிட்டு, கேமராவை அணைக்க மறந்து, அடுத்த அறையிலிருக்கும் கணவரிடம் கத்துகிறார்: "நாப்பது கழுதைங்க! ஒண்ணாவது இதைப் பாக்குதா? பேசிப் பேசித் தொண்டைதான் போச்சு. வெள்ளிக்கிழமை ராஜினாமா குடுத்துடறேங்க!" மின்விசிறி சுற்றுவதை நிறுத்திவிடுகிறது. சத்தியமாக, சுவரில் தொங்கும் தனிம அட்டவணையில் தங்கமே வெளிறிப்போகிறது. டீச்சரின் திறந்த வாய்க்குள் ஒரு யானை போய்த் திரும்பி வரலாம். நிறுத்தத் தடவிய விரல் ஒலியைக் கூட்டிவிட, "கழுதைங்க!" என்று கட்டடமே அதிர்கிறது. ஒருவழியாகத் திரை இருள்கிறது. "கடைசி வரைக்குமா பாத்தீங்க?" என்கிறார், காற்றாய்ப் போன குரலில். "எல்லாருமே பாத்தோம், மிஸ். நாப்பது இல்ல, நாப்பத்திரண்டு கழுதைங்க," என்கிறான் ஜன்னலோரப் பையன். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்த பெண் இன்னும் உட்காரவில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மிஸ். அதான் சந்தேகம்."